வணிகர் ஆங்கிலம்: வாங்கவும், விற்கவும், வசூலிக்கவும்

சில ஆண்டுகளுக்கு முன், நம் பண்டமாரானில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் இஷா தொழுகைக்குப் பிறகு ஒரு தாளை நம்மிடம் நீட்டினார். ஊரில் தாயார் படுக்கையில் விழுந்துவிட்டதாக அன்று காலைதான் செய்தி வந்திருந்தது. கடையைத் தமக்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டு அவர் உடனே புறப்பட்டாக வேண்டும். வக்கீலிடம் போனால் நாளும் ஆகும், செலவும் ஆகும் என்று நினைத்து, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தாமே ஒரு பவர் பத்திரத்துக்கு நகல் எழுதி, டைப் அடித்தும் வைத்திருந்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்றார். நாம் பார்த்தோம். "பொருள் விளங்குது மாமா, போதும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் பாங்கியில் அந்தத் தாளை ஏற்றுக்கொள்ளவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வக்கீலைத் தேடி, புதிதாக எழுதி, சாட்சி முத்திரை வாங்கி முடிப்பதற்குள் பயணச் சீட்டை நான்கு நாள் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது தாயாரின் முகத்தைப் பார்க்கக் கிடைத்தது. பேச்சு நின்று போயிருந்தது.

இதில் பாங்கியைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ‘போதும்’ என்று சொன்னவர்கள் நாம். அன்று சரியாகப் படிக்காமல் விட்ட அந்த ஒரே வாக்கியத்தை இன்று வாசகர்களோடு சேர்ந்து படிக்கப் போகிறோம். நமது இதழ் தமிழ் இதழாகையால் ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் வாய்விட்டுப் படியுங்கள். இந்தப் பாடத்துக்குக் காதுதான் முக்கியம்.

பெரியவர் எழுதியிருந்தது இது:

"ஐ ஆதரைஸ் மை நெஃப்யூ டு மேனேஜ் மை ஷாப், கலெக்டிங் தி ரெண்ட்ஸ் ஆஃப் தி ரூம்ஸ் அபவ் இட், பேமெண்ட் ஆஃப் மை சப்ளையர்ஸ், அண்ட் ஹி ஹாஸ் டு ஸைன் செக்ஸ்."

அவர் மனத்தில் இருந்தவை நான்கு காரியங்கள். கடையை நடத்துவது, மாடி அறைகளின் வாடகையை வசூலிப்பது, சரக்குப் போடும் மொத்த வியாபாரிகளுக்குப் பணம் கட்டுவது, செக்கில் கையெழுத்துப் போடுவது. நான்கும் தாளில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்நியர் ஒருவர் படித்தால் அவருக்கு நான்காகத் தெரியுமா?

பாங்கி அலுவலர் கேட்ட கேள்விகளைப் பெரியவர் பின்னால் நம்மிடம் சொன்னார். ‘மேனேஜ்’ என்பதற்கு முன்னால் ‘டு’ இருக்கிறது, ‘கலெக்டிங்’ என்பதற்கு முன்னால் இல்லை. அப்படியானால் வாடகை வசூல் தனியான அதிகாரமா, அல்லது கடையை எப்படி நடத்துவது என்பதன் விவரம் மட்டுமா? ‘பேமெண்ட்’ என்பது ஒரு பெயர்ச்சொல். பணம் கட்டுவது யார்? ‘ஹி ஹாஸ் டு ஸைன்’ என்றால் ‘அவன் கையெழுத்திட்டே ஆக வேண்டும்’ என்று பொருள். அது கடமையைச் சொல்கிறதே ஒழிய அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. எந்தச் செக், எந்தக் கணக்கு என்பதும் தெரியவில்லை. பிறருடைய பணத்தை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் இப்படிக் கேட்பது நியாயந்தான்.

இப்பொழுது அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "கடையை நடத்தவும், மாடி அறைகளின் வாடகையை வசூலிக்கவும், மொத்த வியாபாரிகளுக்குப் பணம் கட்டவும், செக்கில் கையெழுத்திடவும் என் மருமகனுக்கு அதிகாரம் அளிக்கிறேன்." எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட இப்படித்தான் சொல்வார். "கடையை நடத்தவும், வாடகை வசூலித்தலும், பணம் கட்டுவதும், கையெழுத்திட வேண்டும் அதிகாரம் அளிக்கிறேன்" என்று யாராவது சொன்னால் பள்ளிப் பிள்ளையும் சிரித்துவிடும். பெரியவருடைய ஆங்கில வாக்கியம் இதே கோலத்தில்தான் இருந்தது. தமிழில் சிரிப்பு வருகிறது, ஆங்கிலத்தில் வரவில்லை. வேறுபாடு அவ்வளவே.

நடத்த, வசூலிக்க, கட்ட என்பவற்றை நம் இலக்கணத்தார் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பார்கள். அவற்றோடு ஒட்டி நிற்கும் ‘உம்’ எண்ணும்மை, அதாவது பொருள்களை எண்ணிக்கொண்டு போகும் உம். தமிழில் இந்த உம்மை ஒன்றுக்குப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போடாமல் விட நாவு இடங்கொடுக்காது. ஆங்கிலத்தில் இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்வது வினைக்கு முன் வரும் ‘டு’. டு மேனேஜ், டு கலெக்ட், டு பே, டு ஸைன். ஆங்கில இலக்கணத்தில் இதற்கு இன்ஃபினிடிவ் என்று பெயர். பெயர் மறந்து போனாலும் பாதகமில்லை. தமிழில் ‘வும்’ வருகிற இடம் ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் ‘டு’ வருகிறதா என்று பார்த்தால் போதும்.

திருத்திய வாக்கியம் இதோ:

"ஐ ஆதரைஸ் மை நெஃப்யூ டு மேனேஜ் மை ஷாப், டு கலெக்ட் தி ரெண்ட்ஸ் ஆஃப் தி ரூம்ஸ் அபவ் இட், டு பே மை சப்ளையர்ஸ், அண்ட் டு ஸைன் செக்ஸ் ஆன் மை ஷாப் அக்கவுண்ட்."

‘டு’ எத்தனை முறை வருகிறதென்று விரல் விட்டு எண்ணுங்கள். நான்கு. அதிகாரங்களும் நான்கு. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவரும் இந்தக் கணக்கைப் போடலாம். வக்கீல் எழுதிக் கொடுத்த தாளையும் இப்படி எண்ணிப் பார்க்கலாம். நாம் சொன்ன காரியங்கள் ஐந்தாயிருந்து தாளில் ‘டு’ நான்கே இருந்தால், எது விடுபட்டது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

தமிழில் தவறாத நாம் ஆங்கிலத்தில் ஏன் தவறுகிறோம்? பள்ளிப் புத்தகங்களில் இதற்கு விடை கிடைப்பதில்லை. நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். தமிழில் ‘அதிகாரம் அளிக்கிறேன்’ என்னும் முடிபு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அது வரும்வரை மனம் காத்திருக்கிறது, அதற்குப் பொருந்தாத எதையும் இடையில் நுழைய விடுவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஐ ஆதரைஸ்’ முதலிலேயே வந்து போய்விடுகிறது. மூன்றாவது, நான்காவது காரியத்தை எழுதும்போது தலைவாசலில் என்ன எழுதினோம் என்பது மறந்துவிடுகிறது. ஆகவே எழுதி முடித்தபின் ஒவ்வொரு காரியத்தையும் தனித்தனியே தலைவாசலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ‘ஐ ஆதரைஸ் ஹிம் டு மேனேஜ்’ சரி. ‘ஐ ஆதரைஸ் ஹிம் கலெக்டிங்’ இடிக்கிறது. ‘ஐ ஆதரைஸ் ஹிம் பேமெண்ட்’ அதைவிட மோசம். ‘ஐ ஆதரைஸ் ஹிம் ஹி ஹாஸ் டு ஸைன்’ என்று வரும்போது சிரிப்பு தானாக வந்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் ‘டு’ போட்டே ஆக வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. ‘டு பை, ஸெல் அண்ட் ஸ்டோர் ரைஸ்’ என்று முதலில் ஒரே ‘டு’ போட்டு மூன்று வினைகளையும் அதன்கீழ் நிறுத்தலாம். ‘டு பை, டு ஸெல் அண்ட் டு ஸ்டோர் ரைஸ்’ என்று மூன்றுக்கும் போடலாம். இரண்டும் நல்ல ஆங்கிலம். ‘டு பை, ஸெல் அண்ட் டு ஸ்டோர்’ என்று ஒன்றுக்குப் போட்டு, ஒன்றுக்கு விட்டு, மறுபடியும் ஒன்றுக்குப் போடுவதுதான் கூடாது. ஒன்று எல்லாவற்றுக்கும், அல்லது முதலாவதற்கு மட்டும். வில்லியம் ஸ்ட்ரங்க் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1918-இல் அச்சிட்டு, பின்னர் 1959-இல் ஈ. பி. ஒயிட் திருத்தி விரித்த சிறு நூலிலும் இதே விதிதான். அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகவுரை, 1787-இல் எழுதப்பட்டது, ஆறு நோக்கங்களை ஒரே ‘டு’வின் கீழ் நிறுத்துகிறது. படிப்பவர் ஆறையும் மூச்சு விடாமல் பிடித்துக்கொள்கிறார்.

ஆயினும் அது நாட்டு முகவுரை, நம்முடையது கடைப் பத்திரம். பத்திரத்தில் ஒவ்வொன்றுக்கும் ‘டு’ போடுவதே நல்லதென்பது நம் கருத்து. வினை ஒற்றைச் சொல்லாக இருந்தால் ஒரே ‘டு’ போதும். ஒவ்வொரு காரியத்துக்கும் பின்னால் கடைப் பெயர், அறை எண், கணக்கு எண் என்று வால் நீளும்போது, அடுத்த அதிகாரம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதைக் காட்ட ஓர் அடையாளம் வேண்டும். 1965-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் காலத்தில் பதிவான கம்பெனி ஏதாவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், பெட்டியிலிருந்து அதன் மெமராண்டத்தை எடுத்துப் பாருங்கள். கம்பெனியின் நோக்கங்கள் என்று ஒரு தலைவரி, அதன்கீழ் ஏ, பி, சி என்று பத்திகள், பத்தி ஒவ்வொன்றின் முதற்சொல்லும் ‘டு’. அப்படி எழுதுவதே வழக்கமாயிருந்தது. 2017 ஜனவரி 31-இல் நடைமுறைக்கு வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சாதாரணப் பங்குக் கம்பெனிகளுக்கு அப்படியொரு சாசனம் கட்டாயமில்லை. ஆனாலும் பழைய தாள் நல்ல பாடப் புத்தகம்.

சேர்க்கக் கூடாத இரண்டு வினைகளைச் சேர்ப்பது இன்னொரு பிழை. ‘டு பை அண்ட் ஸெல் ஆனியன்ஸ்’ சரி, ஏனெனில் வாங்குவதும் வெங்காயம், விற்பதும் வெங்காயம். ‘டு கலெக்ட் அண்ட் பே மை சப்ளையர்ஸ்’ என்றால் மொத்த வியாபாரிகளையே வசூலிப்பதாக ஆகிவிடும்! வசூலிப்பது வாடகையை, பணம் கட்டுவது வியாபாரிகளுக்கு. பொருள் வேறானால் வினைகளைப் பிரித்து, தனித் தனி ‘டு’ போட்டுவிட வேண்டும்.

இனி, பணம் போகும் இடத்துக்கு வருவோம். பட்டியலின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் வால்தான் அது. ‘டு பே மை சப்ளையர்ஸ், அண்ட் டு ஸைன் செக்ஸ் ஃபார் திஸ் பர்ப்பஸ்’ என்று எழுதினால் ‘இந்தக் காரியத்துக்காக’ என்பது எந்தக் காரியம்? மொத்த வியாபாரிகளுக்குக் கொடுப்பது மட்டுமா? கடைக்கு மின்சாரக் கட்டணம் கட்டச் செக் எழுதலாமா, கூடாதா? மருமகன் நல்லவனாகவே இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அவனால் பதில் சொல்ல முடியாது. தாள்தான் சொல்ல வேண்டும்.

இது வீண் பயம் அன்று. 1893-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தீர்ப்பான ஒரு வழக்கை வக்கீல்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வந்த வழக்கு. பிரையண்ட், பவிஸ் அண்ட் பிரையண்ட் என்னும் கம்பெனி தன் ஏஜெண்டுக்குப் பவர் கொடுத்திருந்தது. சரக்கு வாங்க விற்க, கப்பல் அமர்த்த, ஆட்களை நியமிக்க அதில் அதிகாரம் இருந்தது. மேற்சொன்ன காரியங்களுக்காக உண்டியல்களில் கையெழுத்திடுவது போன்றவற்றுக்கும் இடம் இருந்தது. ஏஜெண்டு அதை வைத்துக்கொண்டு கம்பெனியின் பெயரில் கடன் வாங்கினார். பத்திரம் கடன் வாங்கும் அதிகாரத்தைத் தருகிறதா என்பது கேள்வி. தரவில்லை என்றார்கள் நீதிபதிகள். கையெழுத்திடும் அதிகாரம் முன்சொன்ன காரியங்களுக்குத் துணையாக வந்ததே தவிரத் தனியாக நிற்கவில்லை, கடன் வாங்குவது அந்தக் காரியங்களில் ஒன்றாகச் சொல்லப்படவில்லை. 1902-இல் இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டிலும் இதே போல ஒன்று வந்தது. ஆஸ்திரேலியாவில் வியாபாரம் நடத்திய ஜேக்கப்ஸ் என்பவர் சரக்கு வாங்கப் பவர் கொடுத்திருந்தார். அதை வைத்துக் கடன் வாங்கப்பட்டது. கொடுத்தவர்கள் பத்திரத்தைப் படித்துப் பார்க்காமலே கொடுத்துவிட்டார்கள். பத்திரத்தில் அந்த அதிகாரம் இல்லையென்று தீர்ப்பாயிற்று.

கனடாவும் இங்கிலாந்தும் நமக்கு எங்கே என்று நினைக்க வேண்டாம். மலேசியாவின் சிவில் வழக்குகளுக்கும் 1985 தொடங்கும்வரை கடைசி அப்பீல் அதே பிரிவி கவுன்சிலுக்குத்தான் போயிற்று. பவர் பத்திரத்தில் எழுதியிருப்பதை இறுக்கமாகவே படிப்பார்கள். எழுதாததைத் தயவு பண்ணிச் சேர்த்துப் படிக்க மாட்டார்கள். ‘அண்ட் டு டூ ஆல் அதர் ஆக்ட்ஸ்’ என்று, மற்ற எல்லாக் காரியங்களும் செய்யலாம் என்னும் பொருளில், கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அடங்காது. அந்த வரியும் மேலே எண்ணிச் சொன்ன காரியங்களுக்குத் துணையானவற்றை மட்டுமே குறிக்கும் என்று எடுத்துக்கொள்வதே கோர்ட்டுகளின் பொது வழக்கம்.

ஆகவே வால் எல்லாக் காரியங்களுக்கும் பொருந்த வேண்டுமானால், அதை வாலாக வைக்காமல் தலையில் வையுங்கள். ‘ஐ ஆதரைஸ் மை நெஃப்யூ, ஃபார் தி பிஸினஸ் ஆஃப் மை ஷாப் ஒன்லி, டு மேனேஜ், டு கலெக்ட், டு பே’ என்று முதல் ‘டு’வுக்கு முன்னால் வந்துவிட்டால் அந்த நிபந்தனை எல்லாவற்றையும் ஆளும். ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் நிபந்தனை என்றால் அந்தக் காரியத்தின் உள்ளேயே வைத்து, அதைப் பட்டியலின் கடைசியில் நிறுத்தாமல் நடுவில் நிறுத்துங்கள். கடன் வாங்க அனுமதி உண்டென்றால் ‘டு பாரோ’ என்று தனி ‘டு’ போட்டு, எத்தனை வெள்ளி வரை என்று தொகையையும் எழுதிவிடுங்கள்.

அனுமதி இல்லையென்றால்? அங்கும் ஒரு வழுக்கல் இருக்கிறது. ‘நாட் டு லெண்ட், டு பிளெட்ஜ் அண்ட் ஸெல் தி ஸ்டாக்’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தோம். சரக்கைக் கடனாகக் கொடுக்கவும் கூடாது, அடகு வைக்கவும் கூடாது, ஒட்டுமொத்தமாக விற்கவும் கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் ‘நாட்’ ஒரு முறைதான் வருகிறது, அதன்பின் ‘டு’ புதிதாக ஆரம்பிக்கிறது. கடனாகக் கொடுக்கக் கூடாது, அடகு வைக்கலாம், விற்கலாம் என்று வேண்டாதவன் படித்துவிட்டால் என்ன செய்வது? தமிழில் நாம் "கொடுக்கவோ, அடகு வைக்கவோ, விற்கவோ கூடாது" என்று உம்மை நீக்கி ஓகாரத்துக்கு மாறிவிடுகிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே ‘அண்ட்’ போய் ‘ஆர்’ வர வேண்டும். ‘நாட் டு லெண்ட், பிளெட்ஜ் ஆர் ஸெல்’ என்று ஒரே ‘நாட் டு’வின் கீழ் மூன்றையும் அடக்கலாம். அல்லது ‘நாட் டு லெண்ட், நாட் டு பிளெட்ஜ், அண்ட் நாட் டு ஸெல்’ என்று இரண்டையும் சேர்த்தே திருப்பிச் சொல்லலாம். நாட்டையும் டுவையும் பிரிக்காதீர்கள்.

‘டு’ என்று கண்டாலே பின்னால் வெறும் வினை வரும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ‘லுக் ஃபார்வர்ட் டு’, ‘வித் எ வியூ டு’ என்பவற்றில் வரும் ‘டு’ வேறு சாதி. அங்கே ‘ரிசீவிங்’, ‘ஸெல்லிங்’ என்று ‘இங்’ வர வேண்டும். நம் கடைக் கடிதங்களில் ‘வீ லுக் ஃபார்வர்ட் டு ரிசீவ் யுவர் ஆர்டர்’ என்று ஆண்டாண்டாகப் பிழை ஓடிக்கொண்டிருக்கிறது. ‘ரெஸ்பான்ஸிபிள் ஃபார்’ என்று ஆரம்பித்தாலும் அப்படியே. ‘ரெஸ்பான்ஸிபிள் ஃபார் கலெக்டிங், பேயிங் அண்ட் ஸைனிங்’ என்று எல்லாம் ‘இங்’காகப் போக வேண்டும். எந்தச் சட்டை போட்டாலும் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே சட்டை.

பவர் பத்திரம் நமக்குப் புதிய சரக்கன்று. செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள் மலாயாவுக்கு அனுப்பிய ஏஜெண்டுகள் இத்தகைய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான், பெரும்பாலும் மூன்றாண்டு முறையாக, முதலாளியின் விலாசத்தில் தொழில் நடத்தினார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து ரஜூலா கப்பல் ஏறிப் போன நம்மவர்களும் பங்காளியிடமோ மைத்துனரிடமோ ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அந்தத் துறைமுகம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. பயணம் ஆகாய விமானத்துக்கு மாறிவிட்டது. தாள் மட்டும் மாறவில்லை. நம் முன்னோர் அதை ‘முக்தியார் நாமா’ என்றார்கள். மலாய் மொழியில் ‘சூராட் குவாசா வாகில்’ என்கிறார்கள். அந்த ‘வாகில்’ நம் வக்கீல்தான். இரண்டும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள்.

அரசாங்க இலாகாக்களுக்குப் போகும் கடிதம் மலாயில் இருக்க வேண்டிய நாட்டில் இருந்துகொண்டு ஆங்கிலத்துக்கு இத்தனை பாடமா என்று ஓர் இளைஞர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வெளிநாட்டு வியாபாரிக்கு எழுதும் ஆர்டர், கப்பல் சரக்குத் தாள், வக்கீல் எழுதும் பத்திரம் இவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஆங்கிலத்தில்தான் நம் கைக்கு வருகின்றன. கையெழுத்துப் போடுகிறவர் நாம் என்றால் படிக்கிறவரும் நாமாகத்தான் இருக்க வேண்டும்.

பத்திரம் சம்பந்தமாகச் சில செய்திகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். மேற்கு மலேசியாவில் பவர் பத்திரங்களுக்கு 1949-ஆம் ஆண்டின் சட்டம் பொருந்தும். மாஜிஸ்ட்ரேட், நோட்டரி, வக்கீல் போன்று சட்டம் குறிப்பிடும் ஒருவர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அத்தாட்சி பெற்று, உயர்நீதிமன்றப் பதிவகத்தில் நகலை வைக்க வேண்டும். பாங்கிகள் பல, பத்திரம் இருந்தாலும் தங்கள் சொந்தப் படிவத்தையும் கேட்கும். அதையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கே எழுதிய பவரை ஊரிலுள்ள வீடு, நிலத்துக்காக அனுப்பினால், இந்தியாவில் அது முதலில் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்குள்ள முத்திரைக் கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கொடுத்தவர் மவுத்தாகிவிட்டால் சாதாரணப் பவரும் அத்துடன் முடிந்துவிடும். அதன்பின் அதை வைத்துச் செக்கில் கையெழுத்துப் போடுவது ஆபத்து. நம் பாடம் மொழிப் பாடம் மட்டுமே. பத்திரத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டியவர் வக்கீல்தான். அவரிடம் போகுமுன் காரியங்களைத் தமிழில் ‘வும்’ போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அவருக்கு வேலை குறையும், நமக்கு நாள் மிச்சமாகும்.

பெரியவர் ஊரிலிருந்து திரும்பியபின் ஒரு நாள் வகுப்புக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். அந்தப் பழைய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதைக் கரும்பலகையில் எழுதிப் போட அவரே சம்மதித்தார். பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து ‘டு’ சேர்த்துக்கொண்டே வந்தபோது, நான்காவது ‘டு’வை அவரே போட்டார்.

வழக்கம் போல் ஒரு பயிற்சி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிடங்கு தேடும் ஒரு வெங்காய வியாபாரி இப்படி எழுதுகிறார்:

"வீ இண்டெண்ட் டு ரெண்ட் எ கோடவுன் நியர் தி போர்ட், ஸ்டோரிங் ஆனியன்ஸ் இன் இட் அண்ட் டு ஸெல் தெம் இன் கிளாங், அண்ட் வீ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் யுவர் ரேட்."

இதில் பிழைகள் இரண்டு. முதலில் வாக்கியத்தைத் தமிழில் ‘வும்’ போட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தைத் திருத்தி எழுதுங்கள். திருத்திய தாளைச் சங்கத்தில் கொடுத்தால் போதும். விடை அடுத்த இதழில்.